ஆசிரியர் கணக்கும் நம்மவர் மனப்பான்மையும்

மராட்டிய நாட்டில் குடியேறி வாழும் தமிழர் இருவர் சந்தித்தால், ஊர்ச் செய்தி, மழைச் செய்தி, வீட்டு வாடகை ஆகியவற்றைப் பேசி முடித்தபின் பேச்சு ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்து சேரும். "நம் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் தேய்ந்துகொண்டே போகின்றனவே, கேட்பார் இல்லையே" என்பதே அது. டோம்பிவிலியிலிருந்து காலை லோக்கல் ரயிலில் நெருக்குண்டு மும்பைக்கு அலுவலகம் செல்லும் என்னைப் போன்றவர்கள் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். வண்டி தாணேயைத் தாண்டுவதற்குள் பேச்சு தீர்ந்துவிடும். அதிகாரிகள்மீது பழியைச் சுமத்திவிட்டு அவரவர் நிலையத்தில் இறங்கிவிடுவோம்.

அப்பழி எவ்வளவு தூரம் பொருந்தும்? ஒரு பள்ளியில் எத்தனை ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதை யார், எப்பொழுது, எதைக் கொண்டு முடிவு செய்கின்றனர்? அம்முடிவில் நமக்கும் ஏதேனும் பங்கு உண்டா? இவற்றை இயன்றவரை எளிதாக விளக்குவதே இங்கு நோக்கமாகும்.

முதலில் நிர்வாக அமைப்பைப் பார்ப்போம். மும்பை மாநகராட்சிச் சட்டம் தொடக்கக் கல்வியை அம்மாநகராட்சியின் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் அது பள்ளிகளை நடத்தி வருகிறது. பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் ஒரு மாடியில் மராத்திப் பள்ளியும், மற்றொரு மாடியில் உருதுப் பள்ளியும், மூலையில் இரண்டு மூன்று அறைகளில் தமிழ்ப் பள்ளியும் இருக்கும். வாயில் ஒன்றுதான், ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமையாசிரியர், தனி வருகைப் பதிவேடு, தனிக் கணக்கு உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் செய்திக்கு இது அடிப்படை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து குடியேறியவர்களின் வழிவந்த பிள்ளைகள் இத்தகைய மாநகராட்சிப் பள்ளிகளிலேயே எழுத்தறிவு பெற்றனர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலக வேலையில் அமர்ந்த குடும்பங்களின் வழி வேறாக இருந்தது. 1932ஆம் ஆண்டிலேயே மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கிற்று. ஆகவே, நம்மவருக்குள்ளேயே இரண்டு பள்ளி உலகங்கள் நெடுங்காலமாக உண்டு. ஓர் உலகத்தார் மற்றோர் உலகத்தின் வாயிற்படியை மிதிப்பது அரிது.

டோம்பிவிலி தாணே மாவட்டத்தைச் சேர்ந்தது. கல்யாணும் டோம்பிவிலியும் 1983 அக்டோபர் 1ஆம் தேதி ஒரே மாநகராட்சியாக்கப்பட்டன. இத்தகைய நகரங்களில் தொடக்கக் கல்வி முன்பு 1947ஆம் ஆண்டுப் பம்பாய்த் தொடக்கக் கல்விச் சட்டத்தின் கீழ் இருந்தது. 'ஷிக்ஷண் மண்டல்' எனப்படும் கல்வி மண்டலம் ஒன்று இருக்கும். அதன் உறுப்பினர் உள்ளூர்க்காரர். காய்கறிச் சந்தையிலோ கணபதிப் பந்தலிலோ அவரைக் கண்டு, "எங்கள் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் குறைகிறது" என்று முறையிடலாம். அம்மண்டலங்களை ஒழிப்பதென்று மாநில அரசாங்கம் 2013இல் முடிவு செய்தது. இருந்தவை தம் பதவிக்காலம் முடிந்ததும் மறைந்தன. கல்வித் துறை மாநகராட்சி ஆணையரின் கீழ் வந்தது. கல்யாண் டோம்பிவிலி மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலமே 2020 நவம்பரில் முடிந்துவிட, அதன்பின் சில ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இன்றி நிர்வாகியின் ஆட்சியே நடந்தது.

இதனால் விளைந்த மாற்றம் என்ன? முறையிட வேண்டிய இடம் தெருவிலிருந்து அலுவலகத்துக்குப் போய்விட்டது. அலுவலகத்தில் இருப்பவர் மாற்றலுக்கு உட்பட்டவர். இன்று நம் குறையைக் கேட்டுத் தலையசைத்தவர் அடுத்த ஆண்டு வேறு நகரத்தில் இருக்கலாம். புதிதாக வருபவருக்கு நம் தெருவும் தெரியாது, நம் மொழியும் தெரியாது. அவர் கையில் இருப்பது எண்கள் நிறைந்த ஒரு தாள் மட்டுமே. மனிதரை நம்பி நடந்த காலம் போய்த் தாளை நம்பி நடக்கும் காலம் வந்துவிட்டது. ஆகவே அத்தாளில் என்ன எழுதப்படுகிறது என்பதை நாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

அத்தாளுக்கு மராத்தியில் 'சஞ்ச் மான்யதா' என்று பெயர். ஒரு பள்ளிக்கு இத்தனை ஆசிரியர் பதவிகள் என்று ஆண்டுதோறும் வழங்கப்படும் ஒப்புதல் அது. இதற்கு அடிப்படை, செப்டம்பர் 30ஆம் தேதி பதிவேட்டில் இருக்கும் மாணவர் எண்ணிக்கை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். 121 முதல் 200 வரை ஐவர். 150க்கு மேற்பட்டால் தலைமையாசிரியர் ஒருவரும் உண்டு.

இவ்வெண்களைச் சற்று ஊன்றிப் பாருங்கள். 61 பிள்ளைகள் இருந்தால் மூன்று ஆசிரியர். 60 இருந்தால் இரண்டே பேர். ஒரு பிள்ளை விலகியதால் ஓர் ஆசிரியர் பதவி போய்விடக்கூடும். அதன்பின் ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் முதல் இரண்டு வகுப்புகளையும், மற்றவர் மேல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் கணக்கும் மறுபக்கம் பாட்டும் சொல்லிக் கொடுப்பார். அதைக் காணும் பெற்றோர், "இங்கே படிப்பு நடக்கவில்லை" என்று அடுத்த ஜூன் மாதம் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவர். எண்ணிக்கை மேலும் குறையும். இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இறங்குவதே பள்ளிகள் தேயும் முறை. 2024 மார்ச்சில் மராட்டிய அரசாங்கம் ஆசிரியர் ஒப்புதல் நெறிகளை மாற்றி ஆணை பிறப்பித்தபோது, சிறிய பள்ளிகளே முதலில் அடிபடும் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததற்கும் காரணம் இதுவே.

மராத்திப் பள்ளியில் பதவி குறைந்தால் அந்த ஆசிரியரை அடுத்த வட்டாரத்து மராத்திப் பள்ளிக்கு அனுப்பலாம். தமிழ் ஆசிரியரை அனுப்ப மற்றொரு தமிழ்ப் பள்ளி வேண்டும். அது எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அங்கும் இடம் இராது. ஒருவர் ஓய்வு பெற்றால் அவ்விடத்துக்குப் புதியவரைப் பெறுவதும் எளிதன்று. ஆசிரியர் நியமனம் 2017 முதல் 'பவித்ர' என்னும் இணையத் தளத்தின் வழியாக, தேர்வு மதிப்பெண் கொண்டு நடைபெறுகிறது. காலி இடம் முறையாக அறிவிக்கப்பட்டால்தான் எவரும் விண்ணப்பிக்க இயலும். பதவியே ஒப்புதல் தாளில் இல்லையென்றால் அறிவிப்பு எங்கிருந்து வரும்? இதற்கிடையே, 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவர்கள் மறுபடியும் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. பதவி இழந்த ஆசிரியரை மராத்தி ஆணைகள் 'அதிரிக்த் ஷிக்ஷக்' என்று குறிக்கின்றன. தமிழில் 'உபரி ஆசிரியர்' என்று பெயர்க்கலாம், பிழையில்லை. ஆனால் உபரி என்ற சொல்லை நாம் நெல்லுக்கும் சர்க்கரைக்கும் வழங்குவோம். உண்மையில் உபரியாகக் கருதப்படுவது பதவியே அன்றி ஆள் அல்லர். எங்கள் குடியிருப்பிலேயே அத்தகைய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். புறநகர் ஒன்றில் உள்ள தமிழ்ப் பள்ளியில் மூன்று ஆசிரியருள் ஒருவராக இருந்தவர். ஓர் ஆண்டு எண்ணிக்கை 58ஆகக் குறைந்தது. அவர் உபரியானார்; நெடுந்தொலைவில் உள்ள வேறொரு பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அன்று மாலை மாடிப்படியில் என்னைக் கண்டவர், "இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வீர்கள், சார்?" என்று கேட்டார். நான் அகராதிச் சொல்லைச் சொன்னேன். அவர் மறுமொழி கூறாமல் மேலே ஏறிப் போய்விட்டார். வேறு ஏதேனும் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அவர் பொருட்டு எங்கள் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலி கிழக்கில் கூடினோம். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதும் பொறுப்பு எனக்கு. தாய்மொழியின் பெருமையைப் பற்றிப் பலர் உருக்கமாகப் பேசினர். கையெழுத்துகள் விரைவில் நிறைந்தன. அப்பள்ளியில் தம் மகளைச் சேர்த்திருந்த அம்மையார் ஒருவர் ரயிலேறி வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். நாலைந்து வீடுகளில் வேலை செய்பவர். பேனா அவர் கைக்கு வந்தபோது என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, கையெழுத்து எத்தன வேணும்னாலும் போடுதேன். ஆனா எண்ணிக்கைக்குப் புள்ளைங்கல்லா வேணுமாம். ஒங்க வீட்டுப் புள்ளைங்க யாராச்சும் அங்க படிக்காங்களா?" என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மகன் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். மற்றவர்கள் நிலையும் அதுவே.

அவ்வம்மையார் குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். ஆயினும் அக்கேள்வி நம் மனப்பான்மையின் குறையை வெளிப்படுத்திவிட்டது. நம்முள் மூன்று வகையினரைக் காணலாம். முதல் வகையினர், தமிழ்ப் பள்ளி வேண்டும், ஆனால் பிறர் பிள்ளைக்கு வேண்டும் என்று எண்ணுபவர். நான் அவ்வகையைச் சேர்ந்தவன். இரண்டாம் வகையினர், மாநகராட்சிப் பள்ளி என்றாலே மட்டம் என்று உள்ளே எட்டிப் பாராமலே முடிவு கட்டுபவர். மூன்றாம் வகையினருக்கு வேறு வழியில்லை. அவர்களுக்குத்தான் பள்ளிக்கூடம் அன்றாடத் தேவை. ஆனால் அவர்கள் குரல் அலுவலகம்வரை எட்டுவதில்லை. முதல் இரு வகையினரின் குரல் எட்டும். ஆனால் அவர்கள் பிள்ளைகள் பதிவேட்டில் இல்லை. குரல் ஓரிடத்திலும் எண்ணிக்கை மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து கிடப்பதே நம் பள்ளிகளுக்கு நேர்ந்த கேடு.

ஆங்கிலப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர் பிழைப்பை எண்ணியே பள்ளியைத் தேர்வர். மாற்றல் உத்தியோகத்தில் உள்ளவருக்கு நாளை எந்த ஊர் என்பதும் தெரியாது. ஆனால், நாம் செய்த தேர்வின் விளைவு அதிகாரியின் தாளில் எண்ணாக ஏறுகிறது என்பதை ஒப்புக்கொள்வது நேர்மை. அதிகாரி நம் பள்ளியை ஒழித்துவிட்டார் என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே.

சட்டம் நம் பக்கம் இல்லை என்றும் எண்ண வேண்டா. 1956ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களுக்கு மட்டுமன்றி உள்ளாட்சிகளுக்கும் கூறுகிறது. அதற்கு முன்பே, 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர் மாநாடு ஓர் அளவை வகுத்தது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ வேற்று மொழியினராக இருந்தால் அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியராவது வேண்டும் என்பது அது. இந்த ஏற்பாடுகளைக் கண்காணிக்கக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பெறும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் ஒருவரும் உண்டு. ஆயினும் இங்கும் அடிப்படை எண்ணிக்கையே. பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பதைக் காட்ட வேண்டியவர் பெற்றோர்.

இனி, நடைமுறையில் செய்யத்தக்கவை சில. இவற்றுள் பெரும்பாலானவை மராட்டியத்தில் மட்டுமன்றிப் பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கும் பொருந்தும்.

முதலாவது, பெயர். மராட்டியத்தில் மாணவர் எண்ணிக்கை ஆதார் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகிறது. இங்கே பெயர் எழுதும் முறை, தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற மூன்று. நமக்கோ குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. ஊரில் எடுத்த ஆதாரில் ஒருவிதமாகவும், பள்ளிப் பதிவேட்டில் மற்றொரு விதமாகவும் பெயர் இருந்தால் கணினி இரண்டையும் ஒன்றென ஏற்காது. பிள்ளை நாள்தோறும் வகுப்பில் அமர்ந்திருந்தும் கணக்கில் ஏறாமல் போகலாம். ஜூன் மாதமே இதைச் சரிபார்த்துத் திருத்தினால், செப்டம்பர் 30க்குள் எண்ணிக்கை முழுமையாகும். படித்தவர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு தெருவுக்கே இவ்வுதவியைச் செய்யலாம்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, இக்குழு உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது இக்குழுவே. அடுத்த ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் வருவர், எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பது அத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். அதிகாரி மாறினாலும் எழுத்தில் உள்ளது மாறாது. பல தாய்மார்கள் கூட்டத்துக்குச் சென்று கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை அவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

மூன்றாவது, முறையீடு. அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு, குழந்தையின் உரிமை பற்றிய குறையை எழுத்து மூலம் உள்ளாட்சியிடம் தர வழி செய்கிறது. மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு கூற வேண்டும். மொத்தப் பதவிகளில் காலியிடம் பத்தில் ஒரு பங்குக்கு மிகக் கூடாது என்பது 26ஆம் பிரிவு. மனுவில் மொழிப் பெருமையைக் குறைத்து, பிரிவு எண்ணையும் பிள்ளைகள் எண்ணிக்கையையும் கூட்டி எழுதுவது பயன் தரும். மனு மராத்தியில் இருப்பது நன்று. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் மராத்தி இங்கு எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடம். நம் பிள்ளைகள் அதை நன்கு கற்பது கடமையும் ஆகும், நலமும் ஆகும். அண்டை வீட்டாரின் மொழியை மதிப்பவர் தம் மொழிக்கு இடம் கேட்கும்போது அது எளிதில் செவியேறும்.

நான்காவது, தமிழ்ப் பள்ளி எட்டாத இடத்தில் என் போன்றவர்கள் செய்யத்தக்கது. இதற்குச் சிங்கப்பூர் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 1946இல் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, மாணவர் குறைந்ததால் 1982இல் மூடப்பட்டது. ஆனால் அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. அப்புலவர் பெயரிலேயே ஒரு தமிழ்மொழி நிலையம் ஏற்பட்டது. தம் பள்ளியில் தமிழ்ப் பாடம் இல்லாத மாணவர் பல இடங்களிலிருந்தும் அங்கு வந்து பயில்கின்றனர். சிதறிக் கிடக்கும் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்தால் எண்ணிக்கை தானே வரும் என்பது இதன் பாடம். தமிழ்நாட்டு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்றது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கான பாடங்களையும் சான்றிதழ் படிப்பையும் அது வழங்குகிறது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், வாரம் ஒரு நாள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

எங்கள் மனுவின் முடிவைச் சொல்லி நிறுத்துகிறேன். இழந்த பதவி அவ்வாண்டு திரும்பக் கிடைக்கவில்லை. சட்டப்படி கிடைத்திருக்கவும் முடியாது. ஐந்து வகுப்புகளையும் இரண்டு ஆசிரியர்களே நடத்தினர். என்னைக் கேள்வி கேட்ட அம்மையார் இப்பொழுது அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறார். மாதம் ஒருமுறை கூட்டத் தாள்களை எனக்கு அனுப்புவார். நான் தமிழில் எழுதித் தருவேன். இருபத்தொரு ஆண்டு உத்தியோகத்தில் நான் பெயர்த்த தாள்களுள் இவ்வளவு கவனமாகப் படிக்கப்பட்டவை வேறு இல்லை. எங்கள் குடியிருப்பு ஆசிரியை ஞாயிறுதோறும் காலையில் கீழ்த்தளத்துக் கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். என் மகனும் போகிறான், சிறிது முணுமுணுப்புடன்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30ஆம் தேதி வரும். அன்று நம் பிள்ளைகள் எண்ணப்படுவர். அந்த எண்ணிக்கையில் நம் பங்கு என்ன என்பதை ஜூன் மாதமே நம்மை நாம் கேட்டுக்கொண்டால், அக்டோபரில் பிறரைக் குறைகூற வேண்டிய தேவை பெரிதும் குறையும்.